வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் பில் புத்தகத்தை எடுங்கள்

வாசகர் கடிதம் (சுருக்கி):

"சார், திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் வாடகைக் கட்டடத்தில் 18 மெஷின் போட்டு, கம்பெனி கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து 24 பேர். இரண்டு எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத்தான் தைத்துக் கொடுக்கிறேன். ஆகஸ்ட் வரை மாதம் 9 லட்சம் பில் ஆகும். அமெரிக்கா வரி போட்ட பிறகு நாலரை லட்சம் ஆகிவிட்டது. மெஷின் லோன் பாக்கி 13 லட்சம், தவணை 41,000. டிசம்பர் 10ஆம் தேதித் தவணையைக் கட்ட முடியவில்லை. வங்கியில் தேவைக்கு எடுத்துக் கட்டும் சி.சி. (கேஷ் கிரெடிட்) அக்கவுன்ட்டில் 8 லட்சமும் எடுத்தாகிவிட்டது. தீபாவளி போனஸே கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். தெரிந்தவர் ஒருவர் 2 வட்டிக்கு 10 லட்சம் தருகிறேன், அவிநாசியில் அம்மா பேரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தைக் கொடு என்கிறார். மனைவி தன் நகையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நண்பன் சொந்தமாக பிராண்ட் போட்டு ஆன்லைனில் விற்கலாம் என்கிறான். பத்திரத்தை வைத்துச் சமாளிக்கலாமா, இல்லை மூடிவிட்டு வேலைக்குப் போய்விடலாமா? ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. மாதக் கணக்கைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கம்பெனிகளில் இருந்து எனக்கு வர வேண்டியது பதினாலரை லட்சம் இருக்கிறது."

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு முன்பே உங்கள் கடிதம் வந்துவிட்டது. இரண்டு மூன்று முறை படித்தேன். அதன் கடைசி வரிதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுப் பத்திரம், நகை, பிராண்ட், மூடுவது என்று எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல "வர வேண்டியது பதினாலரை லட்சம் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை நீங்களே கணக்கில் இருந்து தள்ளிவிட்டதுபோல இருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

முதலில் உங்கள் மாதக் கணக்கு. இப்போதைய பில் 4,50,000. பீஸ் ரேட் கூலி 2,60,000. வாடகை 38,000, கரண்ட் 14,000, சூப்பர்வைசருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் சம்பளம் 60,000, வெளியூர்த் தொழிலாளிகளின் ரூம் வாடகை 16,000, ஊசி, ஆயில் வகையறா 8,000, சி.சி. வட்டி 7,000, மெஷின் தவணை 41,000. எல்லாம் போக மிஞ்சுவது 6,000. வீட்டுச் செலவு 35,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக மாதம் 29,000 ரூபாய் துண்டு விழுகிறது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். துண்டு விழுவது மாதம் 29,000. கடன் வாங்க நினைப்பது 10 லட்சம். இரண்டுக்கும் பொருத்தமே இல்லையே? 29,000 பள்ளத்தை அடைக்க 10 லட்சம் எதற்கு? அந்தக் கடன் உங்கள் நஷ்டத்துக்காக அல்ல தம்பி. கம்பெனிக்காரர்கள் கொடுக்காமல் வைத்திருக்கும் பதினாலரை லட்சத்துக்காக. அவர்கள் கொடுக்காத பணத்துக்கு நீங்கள் அம்மாவின் வீட்டை வைத்து வட்டி கட்டப் போகிறீர்கள். 2 வட்டி என்றால் 10 லட்சத்துக்கு மாதம் 20,000. அப்போது 29,000 பள்ளம் 49,000 ஆகும். போதாததற்கு, அந்தப் பாக்கி பில்களுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்தை உங்கள் கையில் இருந்து ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அதுவே ஏறக்குறைய 69,000 ரூபாய் வரும்.

உங்கள் தொழில் ஏன் பாதியாகக் குறைந்தது என்பதற்கு நீங்கள் காரணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் இரண்டு இடத்தில் "என் திறமைக்குறைவுதான்" என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். 2025 ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம், ஆகஸ்ட் 27 அன்று இன்னொரு 25 சதவீதம் என்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா கூடுதல் வரி போட்டது. பருத்தி டி-சர்ட்டுக்கு முன்பே இருந்த 16.5 சதவீதத்துக்கு மேல் இது. அப்போது பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதமாகத்தான் இருந்தது. ஒரே டி-சர்ட்டை அங்கே வாங்கினால் இவ்வளவு குறைவு என்னும்போது வாங்குகிற வெளிநாட்டு பையர் இங்கே எப்படி நிற்பான்? 18 மெஷின் வைத்திருப்பவர் ராத்திரி பகலாகத் தைத்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

கம்பெனிக்காரரையும் நான் வில்லனாக்க மாட்டேன். பையர் அவரிடம் தள்ளுபடி கேட்கிறான், ஷிப்மென்ட்டைத் தள்ளிப் போடுகிறான், பணத்துக்கு இன்னும் நாள் கேட்கிறான். ஆனால் கையில் இருக்கும் குறைந்த பணத்தில் அவர் யாருக்கு முதலில் கொடுப்பார் என்று பாருங்கள். நூல் மில்காரருக்குக் கொடுப்பார், இல்லையென்றால் நூல் வராது. சாயப்பட்டறைக்குக் கொடுப்பார், இல்லையென்றால் துணி வராது. வங்கிக்குக் கட்டுவார். கடைசியில்தான் ஜாப் ஒர்க்காரர். ஏனென்றால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருடம் திருப்பூர்க் கிளைகளில் இருந்து இதை நான் பார்த்திருக்கிறேன். கேட்கிறவருக்குத்தான் பணம் போகிறது.

எப்படிக் கேட்பது? சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது வழக்குப் போட அல்ல, உங்கள் குரல் நடுங்காமல் இருக்க.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட உங்களுக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். திருப்பூரில் எந்த ஜாப் ஒர்க்காரர் கையில் ஒப்பந்தம் இருக்கிறது? ஆகவே உங்களுக்கு 15 நாள் கணக்குத்தான். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 டிசம்பர் நிலவரப்படி பேங்க் ரேட் 5.50 சதவீதம், அப்படியானால் வட்டி 16.5 சதவீதம். இது உங்களைப்போல் உதயம் என்ற அரசின் தொழில் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில்களுக்கு உண்டு. 2021இல் லோனுக்காக உதயம் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அது உங்களிடம் இருக்கிறது. அந்த எண்ணை ஒரு பில்லில்கூட அச்சடிக்காமல் இத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள். நாளைக்கே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, இனி போடும் எல்லா பில்லிலும் குத்துங்கள்.

அப்புறம் அந்த டெபிட் நோட் விஷயம். அக்டோபரில் கொடுத்த பீஸுக்கு டிசம்பரில் "தையல் சரியில்லை" என்று 38,000 பிடித்தார்கள் என்கிறீர்கள். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லையென்றால், கொடுத்த அன்றே அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதற்கு உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, தேதியும் கையெழுத்தும் உள்ள டி.சி., அதாவது சரக்கு கொடுத்ததற்கான டெலிவரி சலான். அந்த நகல்களை மூட்டையாகக் கட்டி மேலே போட்டிருப்பீர்கள். இறக்கி, தேதிவாரியாக அடுக்குங்கள். இரவு விழித்திருக்கும் நேரத்தில் கூரையைப் பார்ப்பதற்குப் பதில் இதைச் செய்யலாம்.

இந்தச் சட்டத்தைக் காட்டினால் கம்பெனிக்காரர் பயந்துவிடுவாரா என்றால், மாட்டார். அவர் அசையும் இடம் வேறு. அது அவருடைய ஆடிட்டர் அறை.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் (எச்) என்று ஒரு உட்பிரிவை 2023இல் சேர்த்தார்கள். 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு தொழில்காரருக்கு மேலே சொன்ன 15 அல்லது 45 நாளுக்குள் பணம் கொடுக்காமல், மார்ச் 31 வரையிலும் நிலுவையில் வைத்திருந்தால், அந்தத் தொகையை கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் வருடத்தில்தான் காட்டலாம். பதினாலரை லட்சத்தில், இரண்டில் பெரிய கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது 11 லட்சம். ஜிஎஸ்டி போக சுமார் பத்தரை லட்சம். 25 சதவீத வரி என்று வைத்துக்கொண்டாலும், உங்களுக்குக் கொடுக்காமல் விட்டதற்காக அவர்கள் இந்த வருடம் இரண்டரை லட்சத்துக்கு மேல் கூடுதலாக வரி கட்ட வேண்டிவரும். அடுத்த வருடம் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பணமுடை இந்த வருடம்தானே?

இன்னொன்று ஜிஎஸ்டியில். உங்கள் பில்லைக் காட்டி அவர்கள் ஏற்கெனவே உள்ளீட்டு வரியை, அதாவது அந்த பில்லில் உள்ள ஜிஎஸ்டியை, தங்கள் வரியில் கழித்துக்கொண்டிருப்பார்கள். பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தரவில்லையென்றால் அந்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகஸ்ட் பாதியில் போட்ட உங்கள் முதல் பாக்கி பில்லுக்கு அந்தக் கெடு பிப்ரவரியில் முடிகிறது.

ஆகவே ஜனவரி முடிவதற்குள் இரண்டு கம்பெனிக்கும் ஒரு பக்கக் கடிதம் ஒன்று போகட்டும். பில் எண், தேதி, தொகை, இத்தனை நாள் ஆகிறது என்று ஒரு பட்டியல். கூடவே உதயம் சான்றிதழ் நகல். "வருடக் கடைசிக் கணக்குக்கு உதவியாக இருக்கும் என்று அனுப்புகிறேன், நிலுவையை உறுதிசெய்து தரவும்" என்று பணிவாக ஒரு வரி. அவ்வளவுதான். மிரட்டல் வேண்டாம், சட்டப் பிரிவு எண்கூட வேண்டாம். மெயிலில் ஒன்று, கையில் ஒன்று, சீல் போட்ட நகல் உங்களிடம். முதலாளியிடமும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமும் கொடுக்காதீர்கள். அக்கவுன்ட்ஸில் கொடுங்கள். ஆடிட்டர் மார்ச்சில் கேட்கப்போகும் பட்டியலை எடுத்துக் கொடுக்கப் போகிறவர் அங்கே இருப்பவர்தான்.

அடுத்த வாரம் முதலாளியை நேரில் பாருங்கள். 11 லட்சத்தையும் கொடுங்கள் என்று கேட்டால் "இருந்தால் கொடுக்க மாட்டேனா" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வாரம் 75,000 கேளுங்கள். உங்கள் வாரக் கூலி 65,000. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை 75,000 வந்துவிட்டால் உங்கள் மூச்சு சீராகிவிடும். பதினைந்து வாரத்தில் பழைய பாக்கி தீர்ந்துவிடும். அவருக்கும் அது சமாளிக்கக்கூடிய தொகை. தைப்பதற்கு வெட்டிய துணியை, புதுக் கட்டிங்கை, எடுத்துவரும்போது பழைய பில் ஒன்று பாஸாக வேண்டும் என்பதையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

"கேட்டால் வேலையை நிறுத்திவிடுவார்களே" என்ற பயம் நியாயமானது. அது நடக்கவே நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து மாதமாகப் பணம் தராதவரிடம் நீங்கள் எதை இழக்கப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அவர் கொடுக்கும் ஒவ்வொரு கட்டிங்குக்கும் கூலியை உங்கள் கையில் இருந்து போட்டுத் தைத்துக் கொடுக்கிறீர்கள். அந்த வேலை நின்றால் பாக்கி ஏறுவதும் நிற்கும். அதே கம்பெனிக்குத் தைக்கும் மற்ற ஜாப் ஒர்க்காரர்கள் மூன்று நான்கு பேர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கும் இப்படித்தானா என்று பேசிப் பாருங்கள். நால்வரும் தனித்தனியாக அதே கடிதத்தைக் கொடுத்தால் உங்களை மட்டும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அங்கே ஆபீஸ் ஸ்டாஃபுக்கே சம்பளம் தள்ளிப் போகிறது, சாயப்பட்டறைக்கும் மாதக்கணக்கில் பாக்கி என்று தெரியவந்தால் மட்டும் பொறுத்திருக்காதீர்கள். இந்த மாதிரிப் பாக்கிகளை விசாரிக்கும் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் (MSEFC) உடனே மனு போட்டுவிடுங்கள். இணையத்திலேயே போடலாம், மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து கம்பெனி நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். தாமதம் ஆகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூழ்கும் கம்பெனியில் வரிசையில் பெயர் இல்லாதவனுக்கு எதுவுமே வராது.

இனி வங்கி. இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

2011 ஜனவரிக் கடைசியில், நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே திகைத்து நின்றது. அப்போது என் கிளையில் கடன் வாங்கியிருந்தவர் ஒருவர், சாயம் போட்ட துணி பிறகு சுருங்காதபடி பதப்படுத்தும் காம்பேக்டிங் யூனிட் ஒன்றைச் சின்னதாக வைத்திருந்தார். சாயம் போடாத துணிக்கு காம்பேக்டிங் ஏது? இரண்டு தவணை நின்றது. வங்கிக்கு எதிரே டீக்கடையில் என்னைப் பார்த்தால் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். போனை எடுக்க மாட்டார். நானும், வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் என் மேஜைக்கு முன் வந்து உட்கார்ந்தபோது கணக்கு வாராக்கடனாகி, அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி வீட்டுக்கு 60 நாள் நோட்டீஸும் போய்விட்டது. "சார், மூன்று மாதம் தவணையைத் தள்ளிக் கொடுத்திருந்தால் நான் எழுந்திருப்பேன்" என்றார். உண்மைதான். அதை நான் செய்துகொடுத்திருக்க முடியும், முதல் மாதமே வந்திருந்தால். அல்லது நானே அவர் யூனிட்டுக்கு ஒரு நடை போயிருந்தால். அந்த வீடும் அவருடைய அம்மா பேரில் இருந்த வீடுதான். உங்கள் கடிதத்தில் "அம்மா பேரில்" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

டிசம்பர் 10 தவணை நின்றால் 90 நாள் முடிவது மார்ச் 10. அதுவரை நீங்கள் வங்கியின் கண்ணில் சிக்கலில் உள்ள வாடிக்கையாளர் மட்டுமே. அதைத் தாண்டினால் வாராக்கடன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் சாதாரணமானது அல்ல. முந்தைய நிலையில் மேனேஜருக்குக் கொடுக்க வழிகள் இருக்கின்றன, பிந்தைய நிலையில் அவர் கை கட்டப்பட்டுவிடும்.

25 கோடி வரை கடன் உள்ள சிறு தொழில்கள் தடுமாறும்போது மறுசீரமைப்பு செய்துதர 2015இல் மத்திய அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. 2016இல் ரிசர்வ் வங்கி அதை வங்கிகளுக்கு விதியாக்கியது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. ஆனால் உரிய காலத்தில், காகிதங்களோடு கேட்க வேண்டியது தொழில் செய்பவரின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது. ஆகவே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கேட்க வேண்டியது இதுதான்: மெஷின் லோனுக்கு ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன், அசலைத் தள்ளிக் கொடுங்கள். 13 லட்சத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி ஏறக்குறைய 12,000. தவணை 41,000இல் இருந்து 12,000 ஆனால் மாதம் 29,000 மிச்சம். உங்கள் பள்ளமும் அதே 29,000தான். எனக்கே கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது.

கூட எடுத்துப் போக வேண்டியவை: ஆகஸ்டுக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், பாக்கிப் பட்டியல், கம்பெனிகளுக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், எனக்கு எழுதிய அந்த மாதக் கணக்குத் தாள். வங்கிக்காரர் அழுகையை நிறையப் பார்த்தவர். தாளில் எழுதிய கணக்கோடு வருபவரைத்தான் அபூர்வமாகப் பார்க்கிறார். மறுசீரமைப்பு செய்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது பதிவாகும், அடுத்த கடனுக்குக் கொஞ்சம் இடறும். வீடு போவதைவிட அது எவ்வளவோ பரவாயில்லை.

வங்கி விஷயத்தில் இரண்டு தவறுகளை மட்டும் செய்துவிடாதீர்கள். சி.சி. கணக்கில் போட்டால் வங்கி எடுத்துக்கொள்ளும் என்று பயந்து, வரும் பணத்தை வேறு வங்கியில் போடுவது ஒன்று. கணக்கில் 90 நாள் வட்டி அளவுக்குக்கூட வரவு இல்லையென்றால் அதுவே வாராக்கடனாகிவிடும். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக், பாக்கி ஸ்டேட்மென்ட்டில் தொகையைக் கூட்டி எழுதுவது இன்னொன்று. அது கண்டுபிடிக்கப்பட்டால் உதவ நினைக்கும் மேனேஜர்கூடப் பின்வாங்கிவிடுவார். அப்படியே ஒரு விசாரிப்பும்: வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2025இல் மட்டும் 6.50இல் இருந்து 5.25 ஆகக் குறைந்தது. உங்கள் சி.சி. வட்டி அதற்கேற்ப இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது வீட்டுப் பத்திரம். வேண்டாம். 10 லட்சத்துக்கும் வேண்டாம், 2 லட்சத்துக்கும் வேண்டாம். வட்டி மட்டும் காரணம் இல்லை. நம் பக்கத்தில் பத்திரத்தை வைத்துப் பணம் கொடுப்பவர்கள் பலர் அடமானப் பத்திரம் எழுதுவதில்லை. கிரய ஒப்பந்தம் எழுதுவார்கள், அல்லது பவர் வாங்கிக்கொள்வார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிக்கு" என்பார்கள். பதிவு அலுவலகத்தில் உங்கள் அம்மா கையெழுத்துப் போட்டால், காகிதப்படி அவர் வீட்டை விற்கச் சம்மதித்தவர். நாலு மாதம் வட்டி நின்றால் பேச்சு மாறும். கூடவே தொகை எழுதாத இரண்டு செக்கும் கேட்பார்கள். அந்த செக் திரும்பினால் அது தனி வழக்கு. அம்மா அந்த வீட்டில் நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறார், அது அப்படியே இருக்கட்டும்.

நகை வேறு விஷயம். மனைவி மனமுவந்து கொடுக்கிறார், நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். வங்கியில் நகைக்கடன் வட்டி இந்த 2 வட்டியில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். போனால் அந்த நகையோடு போயிற்று, வீட்டைத் தொடாது. ஆனால் "எவ்வளவு கிடைக்கும்" என்று பார்த்து வைக்காதீர்கள். வாரம் 75,000 வரத் தொடங்கும் வரை மூன்று வாரக் கூலி சுமார் 2 லட்சம். அதற்கு எத்தனை பவுன் வேண்டுமோ அவ்வளவு மட்டும். எந்த பில் பணம் வந்தால் அதை மீட்பது என்பதை முன்பே இருவரும் பேசி, ஒரு காகிதத்தில் எழுதி, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

செலவைக் குறைப்பதில், கட்டட ஓனரிடம் 3,80,000 அட்வான்ஸ் இருக்கிறது என்று அந்தத் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வட்டியில்லாமல் கிடக்கும் உங்கள் பணம் அது. நாலு மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளுங்கள், வேலை வந்ததும் நிரப்பிவிடுகிறேன் என்று கேளுங்கள். அந்த வட்டாரத்தில் கட்டடங்கள் காலியாகத் தொடங்கியிருக்கும்போது, இருக்கிற வாடகைதாரரை இழக்க எந்த ஓனரும் விரும்ப மாட்டார். மின்வாரியத்தில் நீங்கள் வாங்கியிருக்கும் லோடு அளவுக்கு நிலைக்கட்டணம் வருகிறது. பாதி மெஷின்தான் ஓடுகிறதென்றால் லோடைக் குறைக்க மனு கொடுக்கலாம். வருமான வரியிலும் உங்கள் பணம் இருக்கிறது. கம்பெனிகள் பில்லில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கின்றன. இந்த வருடம் அது முக்கால் லட்சத்துக்கு அருகில் வரும். உங்கள் வருமான அளவுக்கு வரியே வராது என்பதால் ஜூனிலேயே ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்பி வரும்.

தொழிலாளிகளை நிறுத்தாதீர்கள், முடிந்தவரை. வாரம் நாலு நாள் வேலை என்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள், அவர்களிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல ஓவர்லாக் டெய்லர் ஒருவர் போய்விட்டால் ஆர்டர் திரும்பும்போது உங்களுக்கு மெஷின்தான் இருக்கும், ஆள் இருக்காது. சம்பளத்தில் பிடித்த பி.எப். பணத்தை மட்டும் எந்த அவசரத்துக்கும் எடுத்துவிடாதீர்கள். அது அவர்கள் பணம், கட்டாமல் விட்டால் குற்ற வழக்கே வரும்.

நண்பர் சொன்ன பிராண்ட் யோசனை இப்போது வேண்டாம். ஜாப் ஒர்க்கில் துணி கம்பெனியுடையது, உங்கள் முதல் கூலி மட்டும். சொந்த பிராண்டில் நூல், துணி, சாயம், பேக்கிங், விளம்பரம் எல்லாம் உங்கள் தலையில். ஆன்லைனில் ரிட்டர்ன் வரும் பீஸும் உங்கள் தலையில். கடன் பணத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் அல்ல அது. அதற்குப் பதில் உள்நாட்டு ஆடை வியாபாரம் நடக்கும் காதர்பேட்டைக்கு ஒரு வாரம் காலையில் போய்வாருங்கள். உள்நாட்டு வேலைக்குக் கூலி குறைவுதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்பதால் அங்கே கொஞ்சம் தெம்பு இருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்கான யூனிஃபார்ம் தையலும் இப்போதிருந்து தொடங்கும். உங்கள் 18 மெஷினில் ஆறு மெஷினுக்கு உள்நாட்டு வேலை பிடித்தாலும், இரண்டே இரண்டு கம்பெனியை நம்பி நிற்கும் நிலை மாறும். ஆனால் ஒரு நிபந்தனை, அங்கே முதல் பில்லில் இருந்தே 15 நாளில் பணம்.

மூடுவதா என்று கேட்டீர்கள். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் பில்லில் கூலி போக நூற்றுக்கு 42 ரூபாய் மிஞ்சுகிறது. தவணை முழுதாகக் கட்டி, வீட்டுச் செலவும் நடக்க மாதம் 5,20,000 பில் வேண்டும். வங்கி தவணையைத் தள்ளிக் கொடுத்தால் 4,50,000 போதும். ஏப்ரல் கடைசி வரை பாருங்கள். அதற்குள் வாரப் பணம் வரத் தொடங்கவில்லை, வங்கியும் இசையவில்லை, பில்லும் 4 லட்சத்துக்குக் கீழே போகிறது என்றால், மூடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. அப்போதும் மெஷின்களை அவசரமாக அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல், வங்கியிடம் சொல்லிவிட்டு, தொழிலாளிகள் கணக்கை முடித்து, முறையாக மூட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அப்போது எழுதுகிறேன். இப்போது அந்தக் கேள்விக்கு நேரம் வரவில்லை.

தூக்கத்தைப் பற்றி எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு விழித்து, தனியாக உட்கார்ந்து கணக்குப் போடும்போது எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். மனைவிக்கு எல்லாம் தெரியும் என்பது நல்ல செய்தி, இந்தக் கடிதத்தையும் அவரிடம் படிக்கக் கொடுங்கள். மனம் மிகவும் கனத்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. 104க்கும் பேசலாம்.

நகையோடு மனைவி காத்திருக்கிறார், பத்திரத்துக்காக அந்தத் தெரிந்தவர் காத்திருக்கிறார் என்று அவசரப்பட வேண்டாம். இந்த வாரம் மூன்று வேலை போதும்: டி.சி. மூட்டையை இறக்குவது, கம்பெனிக் கடிதம், வங்கி மனு. பிப்ரவரி முதல் வாரம் எனக்கு மறுபடி எழுதுங்கள். அக்கவுன்ட்ஸில் கடிதத்தை வாங்கிக்கொண்டவர் என்ன சொன்னார் என்பதை விடாமல் எழுதுங்கள், அதை வைத்து அடுத்த அடியைப் பேசுவோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்